எழுதிய விரல் எங்கே?

ஒருவன் பொருளைக் கவர்ந்தவனை உலகம் கள்வன் என்கின்றது. ஒருவன் நிலத்தைக் கவர்ந்தவனை வன்பறியாளன் என்கின்றது. ஆனால், ஒருவன் எழுதிய எழுத்தைத் தன் எழுத்தென்று காட்டி, எழுதியவன் பெயரையே விழுங்கி ஏப்பமிட்டவனை மட்டும், படைப்பாளி என்று போற்றிக் கைதட்டி மகிழ்கின்றது! பொருளை இழந்தவன் மீண்டும் உழைத்து ஈட்டலாம். நிலத்தை இழந்தவன் வழக்காடி மீட்கலாம். பெயரை இழந்தவனோ, இழந்ததைக் கேட்கவும் வாயற்றவனாகி விடுகின்றான். ஏனெனில், கேட்பதற்கு முன் அவன் யாரென்று சொல்ல வேண்டும். சொல்லுதற்குரிய அந்தப் பெயரைத்தான் முன்னரே பறித்துக்கொண்டார்களே!

இக் கொடுமை நிகழ்ந்த இடம் எழுத்தறியா நாட்டின் இருண்ட மூலையன்று. உரிமைக்கென்று கடலோரத்தில் பெருஞ்சிலை எழுப்பி வைத்திருக்கும் நியூயார்க்கு மாநகரம். கொடுமைக்கு ஆளானவர் பில் பிங்கர் என்னும் எழுத்தாளர். அவருடைய குடிப்பெயருக்கு ஆங்கிலத்தில் விரல் என்பது பொருள். உலகெங்கும் உள்ள சிறுவர்கள் மூன்று நான்கு தலைமுறையாக உள்ளம் பறிகொடுத்து நிற்கும் பேட்மேன் என்னும் வௌவால் மாந்தனுக்கு ஊரும் பேரும் உடையும் உயிரும் தந்தது அந்த விரல்தான். ஆனால், 76 ஆண்டுகள் அந்தக் கதையின் முகப்பில் அந்த விரலின் பெயர் இல்லை!

காலணிக் கடையில் நின்ற எழுத்தாளர்

1914-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் நாள் டென்வர் நகரில் பிறந்து, நியூயார்க்கின் பிராங்சுப் பகுதியில் வளர்ந்தவர் பிங்கர். பெற்றோர் இட்ட பெயர் மில்டன். நாடெங்கும் வேலையின்மை தலைவிரித்தாடிய 1930-களில், எழுத்தாளனாக வேண்டும் என்னும் வேட்கையை நெஞ்சில் சுமந்துகொண்டு, வயிற்றுக்காகக் காலணி விற்று வந்தார். அப்பொழுதுதான் பாப் கேன் என்னும் இளம் ஓவியர் அவருக்கு அறிமுகமானார். கேனுக்கு வரையத் தெரியும். கதை புனைய ஆள் வேண்டியிருந்தது. பிங்கருக்குக் கதை புனையத் தெரியும். அதை விற்க வழி தெரியவில்லை. கேன் வரைய, பிங்கர் எழுத, எழுதியதற்குக் கேன் கூலி கொடுக்க, இருவர்க்கும் இடையே ஓர் ஏற்பாடு உண்டாயிற்று. அந்த ஏற்பாட்டில் கூலி இருந்தது, பெயர் இல்லை. அழிவுக்கு விதை அங்கேயே ஊன்றப்பட்டது.

1938-இல் சூப்பர்மேன் படக்கதை வெளிவந்து பதிப்பாளர்களின் பெட்டிகளை நிரப்பியது. அதனைப் போன்றே இன்னொரு தலைவன் வேண்டும் என்று பதிப்பகத்தார் கேட்க, கேன் ஓர் உருவை வரைந்து கொணர்ந்து பிங்கரிடம் காட்டினார். அந்த உரு எப்படி இருந்தது? சிவந்த உடை, கண்ணை மட்டும் மறைக்கும் சிறு முகமூடி, முதுகில் இரண்டு விறைத்த சிறகுகள். இன்றைக்கு உலகம் அறிந்த வௌவால் மாந்தனுக்கும் அதற்கும் பெயரைத் தவிர ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

பிங்கர் என்ன செய்தார்? அகரமுதலி ஒன்றை எடுத்து, அதிலிருந்த வௌவாலின் படத்தைப் புரட்டிக் காட்டினார். அதன் காதுகளைப் பாருங்கள் என்றார். சிறு முகமூடி போய், காது முளைத்த தலைமறைப்பு வந்தது. விறைத்த சிறகு போய், காற்றில் விரியும் மேலாடை வந்தது. கண்மணி தெரியாத வெறுங்கண் வந்தது, கையுறை வந்தது, சிவப்பு நீங்கிக் கருமையும் சாம்பல் நிறமும் வந்தன. உரு கேனுடையது எனின், அவ்வுரு இருட்டில் நிற்கும்போது பார்ப்பவர்க்கு உண்டாகும் நடுக்கம் பிங்கருடையது.

இனிப் பெயர்கள்! புரூசு வேய்ன் என்னும் இயற்பெயரை வௌவால் மாந்தனுக்கு இட்டவர் பிங்கரே. ஆங்கிலேய மேலாட்சியை எதிர்த்துப் போர் தொடுத்த இசுகாட்லாந்து மன்னன் இராபர்ட் புரூசின் பெயரையும், அமெரிக்க விடுதலைப் போரில் படை நடத்திய ஆன்டனி வேய்னின் பெயரையும் இணைத்து அப் பெயரைப் பொருளறிந்து அமைத்தார். கதை நிகழும் நகருக்குக் காத்தம் என்று பெயரிட்டவரும் அவரே. தொலைபேசிப் பெயர்ச்சுவடியைப் புரட்டும்போது கண்ணில்பட்ட ஒரு நகைக்கடையின் பெயரிலிருந்து அதனை எடுத்தார். 1939-ஆம் ஆண்டு மே மாதத்து 'டிடெக்டிவ் காமிக்சு' 27-ஆம் இதழில் வெளிவந்த முதற்கதையை எழுதியவரும் பிங்கரே. பெற்றோர் இருவரும் தன் கண்முன்னே சுட்டு வீழ்த்தப்பட, அச் சிறுவன் குற்றத்தை எதிர்த்து வாழ்நாளெல்லாம் போரிட உறுதி பூண்ட நெஞ்சுருக்கும் முன்கதை, அதே ஆண்டு நவம்பரில் அவர் எழுத்தில் வந்தது. அதன்பின் ஏறத்தாழக் கால் நூற்றாண்டு அவர் அந்தத் தலைவனுக்காக எழுதிக் குவித்தார். எங்குச் சென்றாலும் குறிப்பேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கண்டதையும் கேட்டதையும் எழுதி வைத்துக் கதையாக்கினார்.

பிறருக்கெல்லாம் பொருள் பொதிந்த பெயர் தேடித் தேடி இட்டவரின் சொந்தப் பெயர் மட்டும், அவர் எழுதிய கதையின் முகப்பில் அச்சேறவில்லை!

ஆவணம் விழுங்கிய பெயர்

கேன் பதிப்பகத்தாரோடு உடன்படிக்கை செய்துகொண்டார். வௌவால் மாந்தனின் உரிமையை நிறுவனத்துக்கு விற்றார். விலையோடு விலையாக, அந்தக் கதை எந்த வடிவில் வந்தாலும், படைத்தவர் பாப் கேன் என்னும் ஒற்றை வரி அதில் இடம்பெற வேண்டும் என்னும் உறுதியையும் வாங்கிக்கொண்டார். அந்த ஆவணத்தில் பிங்கரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சட்டத்தின் கண்ணுக்குப் பில் பிங்கர் என்று ஒருவர் பிறக்கவே இல்லை!

பிங்கர் மட்டுமோ? செர்ரி இராபின்சன் முதலாகப் பல ஓவியர்கள் வரைந்து தந்தவற்றின்மீதும் ஆண்டுக்கணக்கில் கேன் பெயரே பொறிக்கப்பட்டது. ஒரு கையொப்பத்தின் கீழ்ப் பல கைகள் உழைத்தன. பல கைகளின் உழைப்பில் ஒரு பெயர் ஓங்கியது. ஏர் பூட்டி உழுதவன் ஒருவன், நெல்லை அளந்து கொண்டவன் இன்னொருவன் என்னும் பழைய கதை, அச்சுப் பொறிகளின் நாட்டில் மை பூசிக்கொண்டு மீண்டும் அரங்கேறியது.

1968-இல் வௌவால் மாந்தன் ஓவியத் தொடராகத் தொலைக்காட்சியில் ஓடினான். அப்பொழுது பிங்கர் உயிரோடிருந்தார். 1992 முதல் 1995 வரை 85 பகுதிகளாக வந்த ஓவியத் தொடர், அத் தலைமுறைப் பிள்ளைகளின் மாலைப் பொழுதுகளை ஆட்கொண்டது. பள்ளிப் பையைத் தூக்கி எறிந்துவிட்டுப் பெட்டியின் முன் அமர்ந்த அப் பிள்ளைகள் கண்டதெல்லாம் கேனின் பெயர் ஒன்றையே. குழந்தைகளின் அன்பு மாசற்றது. ஆனால், அந்த மாசற்ற அன்பு ஒரு பொய்யின் முகவரிக்கு நாள்தோறும் அனுப்பி வைக்கப்பட்டது. இதனினும் பெரிய இரண்டகம் வேறுண்டோ?

சுவைஞர் எழுப்பிய முதற்குரல்

1965-ஆம் ஆண்டுக் கோடையில் நியூயார்க்கில் படக்கதைச் சுவைஞர்கள் கூடிய மாநாடு ஒன்றுக்குப் பிங்கர் வந்திருந்தார். செர்ரி பெயில்சு என்னும் கல்லூரி ஆசிரியர் அவரைக் கண்டு பேசி, வௌவால் மாந்தன் உருவான வரலாற்றை அவர் வாய்மொழியாகவே கேட்டறிந்தார். கேட்டதைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல் கட்டுரையாக்கிச் சுவைஞர்களிடையே பரப்பினார். பதிப்பகமும் விளம்பர முழக்கமும் 26 ஆண்டுகளாகச் செய்யாததை, கூலி வாங்காத ஒரு சுவைஞர் சில பக்கங்களில் செய்து முடித்தார்!

உண்மை வெளிவந்ததும் என்ன நடந்தது? கேன் சீறி எழுந்தார். சுவைஞர்களுக்குத் திறந்த மடல் எழுதி, எல்லாவற்றையும் படைத்தவர் தாம் ஒருவரே என்று அடித்துப் பேசினார். பிங்கரின் கூற்றை ஏற்க மறுத்தார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தம்மோடு உழைத்த தோழரை ஒரே மடலில் பொய்யராக்கத் துணிந்தார்.

1966-இல், அந் நாளில் பெரும்புகழோடு ஓடிக்கொண்டிருந்த வௌவால் மாந்தன் தொலைக்காட்சித் தொடரின் ஒரு கதையைப் பிங்கர் தம் நண்பர் சார்லசு சிங்களேருடன் சேர்ந்து எழுதினார். அக் கதையை எழுதியோர் வரிசையில் அவர் பெயர் திரையில் தோன்றியது. ஆனால், அதே திரையில், படைத்தவர் என்னும் இடத்தில் வேறொருவர் பெயர் நின்றது. தாம் கட்டிய வீட்டுக்குள் ஓரிரவு தங்கிச் செல்லும் வழிப்போக்கராக அவர் நுழைந்து வெளியேறினார்!

மணலில் வரைந்த வௌவால்

1974-ஆம் ஆண்டு சனவரி 18-ஆம் நாள், அறுபது அகவை நிறைவதற்கு மூன்று கிழமை இருக்கையில், மன்காட்டன் குடியிருப்பில் பிங்கர் இறந்து கிடந்தார். அவர் எழுத்தால் கொழுத்த வாணிகத்தில் அவருக்கு ஒரு பங்கும் வந்து சேர்ந்ததில்லை. நாட்டை உலுக்கும் இரங்கல் எழவில்லை. கல்லறை இல்லை, கல்லறை இல்லாததனால் பெயர் பொறித்த கல்லும் இல்லை. உறவற்றோரைப் புதைக்கும் பொதுக்குழியில் அவரைப் போட்டுவிட்டார்கள் என்றே பல்லாண்டுகள் பலரும் நம்பி வந்தனர்.

உண்மை அதுவன்று. அவருடைய ஒரே மகன் பிரெட், தந்தையின் சாம்பலை ஓரிகன் மாநிலக் கடற்கரைக்கு எடுத்துச் சென்று, ஈர மணலின்மீது ஒரு வௌவாலின் வடிவமாகத் தூவினார். அலை வந்து அதனை எடுத்துக்கொண்டது.

அந்தக் கடற்கரைக் காட்சியைப் படிப்போர் ஒரு நொடி நெஞ்சில் நிறுத்திப் பார்க்கட்டும்! கோடிக்கணக்கான உடைகளிலும் விளையாட்டுப் பொருள்களிலும் அச்சிட்டு விற்கப்படும் அந்த வௌவால் வடிவம், அதற்குரியவரின் சாம்பலால் ஒரே ஒரு முறை, ஒரே ஒரு மகனின் கையால் வரையப்பட்டது. அதில் வாணிகம் இல்லை, உடன்படிக்கை இல்லை, கையொப்பமும் இல்லை. பில் பிங்கருக்குக் கிடைத்த முதல் மெய்யான புகழ்வணக்கம் அதுவே.

இதற்கு எதிராக, 1998 நவம்பர் 3-ஆம் நாள் இறந்த கேனின் கல்லறைக் கல்லைப் பார்க்கட்டும்! வௌவால் மாந்தன் கடவுள் கேனுக்கு வழங்கிய கனவு என்றும், கேனும் புரூசு வேய்னும் வௌவால் மாந்தனும் ஒருவரே என்றும் அங்கே வெட்டி வைத்திருக்கின்றார்கள். அப் பெயரை இட்டவர் யார் என்பது அக் கல்லில் இல்லை. கடவுளைக்கூடத் துணைக்கு அழைத்துக்கொண்ட கல், தோழரை மட்டும் அழைக்க மறந்துவிட்டது!

ஒன்பது ஆண்டு வாய்வாளாமை

1989-இல் வௌவால் மாந்தன் திரைப்படம் உலகெங்கும் ஓடி நாற்பது கோடி தாலருக்குமேல் ஈட்டியது. அதே ஆண்டில் கேன் தம் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். அதில், தாம் 1965-இல் மறுத்ததையெல்லாம் ஏறத்தாழ ஏற்றுக்கொண்டார். பிங்கருக்கு உரிய பெருமை கிடைக்கவில்லை என்றும், அவர் பெயரைச் சேர்த்திருக்க வேண்டும் என்றும் வருந்தினார்.

வருத்தம் நன்று. ஆனால், வருந்திய பின்னும் அவர் ஒன்பது ஆண்டுகள் உயிரோடிருந்தாரே! அந்த ஒன்பது ஆண்டுகளில் அந்த ஒற்றை வரி மாறிற்றா? நிறுவனத்தின் கதவைத் தட்டி, என் பெயரோடு அவர் பெயரையும் சேருங்கள் என்று எழுதி வாங்கினாரா? இல்லையே! செத்தவனுக்காகச் சொட்டும் கண்ணீருக்குச் செலவில்லை. அவனுக்குரியதைத் திருப்பித் தருவதற்கே செலவுண்டு. கண்ணீரைக் கொடுத்துக் கடனைத் தீர்த்துவிட எண்ணுவோர்க்கு அந்த ஒன்பது ஆண்டுகளே மறுமொழி.

திருத்த முடியாத தீங்கு அன்று அது. சூப்பர்மேனைப் படைத்த சீகலும் சூசுடரும் 1938-இல் 130 தாலருக்குத் தம் உரிமையை விற்று வறுமையில் உழன்றவர்கள். ஓவியர்களும் எழுத்தாளர்களும் சுவைஞர்களும் திரண்டு குரல் கொடுக்கவே, 1975-இல் நிறுவனம் பணிந்தது. இருவர் பெயரும் கதையின் முகப்பில் ஏறின. ஆண்டுதோறும் 20,000 தாலர் உதவித்தொகையும் கிடைத்தது. பிங்கர் இறந்து இரண்டு ஆண்டுகூட ஆகாத வேளை அது. குரல் எழுந்தால் கல்லும் கரையும் என்பதற்குச் சான்று அங்கேயே இருந்தது.

மறுப்புரைப்போர்க்கு

பெயர் விழுங்கியோர்க்கு என்றும் பரிந்து பேசுவோர் உண்டு. அவர்கள் கூற்றுகளையும் எடைபோட்டுப் பார்த்துவிடுவதே முறை.

முதல் உருவை வரைந்தவர் கேன். பதிப்பகத்தை அணுகியவரும் அவரே. எனவே சட்டப்படி அவருடையது என்பர். கேன் வரையவில்லை என்று எவரும் சொல்லவில்லை. கேனின் பெயரை அழிக்கவும் எவரும் கேட்கவில்லை. அவர் ஒருவரே என்னும் பொய்யைத்தான் நீக்கக் கேட்டனர். சட்டம் கையொப்பத்தைக் காக்கும் வேலி. உண்மையைக் காப்பதற்கு நெஞ்சில் நேர்மை வேண்டும்.

பிங்கர் எழுத்தைக் காலந்தாழ்த்தித் தருபவர்; உரிமைக்காக உரக்கப் பேசியவரும் அல்லர் என்பர். இரண்டும் உண்மையே. காலந்தாழ்த்தினால் கூலியைக் குறைக்கலாம், வேறாளை அமர்த்தலாம், பெயரைப் பறிக்கலாமோ? பேசவில்லை என்பதும் குற்றமோ? அடுத்த வேளைச் சோற்றை யார் கையிலிருந்து வாங்க வேண்டுமோ அவர் முன் குரல் உயர்வது எளிதன்று. ஏழையின் வாய்வாளாமையை ஒப்புதல் என்று எழுதிக்கொள்வது செல்வரின் பழைய பழக்கம்.

பிங்கரும் பிறர் கதையை எடுத்தாண்டவர்தாமே என்பர். ஆம், முதற்கதையின் போக்கு, 1936-இல் வந்த 'சேடோ' என்னும் துப்பறியும் தொடரின் கதையொன்றைப் பெரிதும் பின்பற்றியதே. இதனை மறைப்பது பிங்கரைப் போற்றுவோர்க்கும் அழகன்று. ஆனால், அந்தப் பழைய கதையை எழுதியவர் யார்? தியோடர் டின்சிலி. அவர் பெயரேனும் அதில் இருந்ததா? இல்லை, பதிப்பகத்தார் வைத்திருந்த மேக்சுவெல் கிராண்ட் என்னும் பொதுப் புனைபெயரிலேயே அது வெளிவந்தது. ஆக, அத் தொழில் முழுவதும் எழுதியவன் பெயரை இருட்டில் வைத்தே நடந்து வந்தது என்பதுதான் இதனால் விளங்கும். ஒரு பெயரை மறைத்த நோய்க்கு இன்னொரு பெயரை மறைத்தது மருந்தாகுமா? இருவர் பெயரையும் வெளிச்சத்துக்குக் கொணர்வதே மருந்து.

குழந்தைகள் படிக்கும் கதைக்கு எழுதியவன் பெயர் எதற்கு என்று கேட்போரும் உண்டு. இவர்களே எல்லாரினும் இரங்கத்தக்கவர். குழந்தைகளுக்கென்று எழுதப்படுவது எழுத்தில்லையோ? குழந்தை உண்ணும் சோற்றைச் சமைத்தவள் தாய் இல்லையோ? ஒரு மாந்தனின் உள்ளத்தில் அறம் எது, அச்சம் எது, துணிவு எது என்று முதன்முதலாகக் கோடு கிழிப்பவன் குழந்தைக் கதை எழுதுபவனே. பின்னாளில் படிக்கும் பேரிலக்கியங்களெல்லாம் அந்தக் கோட்டின்மீதே எழுகின்றன. அடிக்கல் நாட்டியவன் பெயர் வேண்டா, மாடத்தில் கொடியேற்றியவன் பெயர் போதும் என்பது நன்றி கொன்றோர் பேச்சு.

இங்கே தமிழ்த் தொகைநூல்களை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது பொருந்தும். குறுந்தொகையைத் தொகுத்தோர் கையில் சில பாடல்கள் இயற்பெயர் தெரியாமல் வந்து சேர்ந்தன. அவர்கள் அப் பாடல்களை வேறொரு பெரும்புலவர் பெயரில் ஏற்றிவிடவில்லை. கேட்பாரில்லை என்று தம் பெயரை எழுதிக்கொள்ளவும் இல்லை. அந்தந்தப் பாடலில் ஒளிர்ந்த உவமையையும் தொடரையும் எடுத்து, அதையே அப் புலவர்க்குப் பெயராகச் சூட்டினர். செம்புலப்பெயல்நீரார், அணிலாடு முன்றிலார் என்னும் பெயர்கள் அப்படிப் பிறந்தவை. பெயர் தெரியாதவனுக்கும் அவன் சொல்லாலேயே பெயர் அமைத்துத் தந்த பண்பாடு அது. பெயர் தெரிந்தவனையே பெயரற்றவனாக்கிய வாணிகம் இது. நாகரிகம் எது என்பதைப் படிப்போர் முடிவு செய்துகொள்ளட்டும்!

'உடன்' என்னும் ஒரு சொல்

கிடைக்காத நேர்மையைப் பதிப்பகம் தானாகத் தந்ததன்று. சுவைஞர்கள் போராடிப் பெற்றது. பிங்கரின் பழைய தோழரும் ஓவியருமான செர்ரி இராபின்சன் முன்னின்று, 2005-இல் பில் பிங்கர் பெயரால் ஒரு விருது நிறுவச் செய்தார். உரிய பெருமை பெறாத படக்கதை எழுத்தாளர்களுக்கென்றே அந்த விருது வழங்கப்பட்டு வருகின்றது. மார்க் டைலர் நோபிள்மேன் என்னும் எழுத்தாளர், ஆண்டுக்கணக்கில் பழைய ஏடுகளைத் துருவி, பிங்கரை அறிந்தோரை ஒவ்வொருவராகத் தேடிச் சென்றார். மகன் பிரெட் 1992-இல் இறந்தபின் பிங்கருக்குக் கால்வழியே இல்லை என்று எண்ணியிருந்த நிலையில், அதீனா என்னும் பேர்த்தி இருப்பதை நோபிள்மேன் கண்டறிந்தார். தாத்தா இறந்து இரண்டு ஆண்டு கழித்துப் பிறந்தவர் அவர். 2012-இல் நோபிள்மேன் பிங்கரின் வாழ்க்கையைச் சிறுவர்க்கான படநூலாகவே வெளியிட்டார். எந்தக் குழந்தைகளிடமிருந்து பெயர் மறைக்கப்பட்டதோ, அந்தக் குழந்தைகளிடமே முறையீடு சென்று சேர்ந்தது!

பேர்த்தி உரிமை கேட்டார். சுவைஞர்கள் துணை நின்றனர். 2015 செப்டம்பர் 18-ஆம் நாள் பதிப்பகம் இறங்கி வந்தது. அதன்பின் வந்த தொலைக்காட்சித் தொடரிலும், 2016-இல் வந்த திரைப்படத்திலும் பிங்கரின் பெயர், படைத்தவர் என்னும் இடத்தில் முதன்முறையாக ஏறியது. பாப் கேன், பில் பிங்கருடன் படைத்தது என்பதே அவ் வரியின் பொருள்.

'உம்' என்று இணைக்க மனம் வரவில்லை. 'உடன்' என்று ஒட்டவைக்கவே மனம் வந்தது. கேனும் பிங்கரும் என்றால் இருவரும் நிகர். பிங்கருடன் என்றால் அவர் துணைக்கு வந்தவர் என்பது ஆங்கில வழக்கு. 76 ஆண்டு கழித்து வந்த நேர்மையும் ஒரு சிறு சொல்லில் கஞ்சத்தனத்தை ஒளித்து வைத்துக்கொண்டே வந்தது. ஆனால், எழுதியோர் அறியாத ஒன்றுண்டு. தமிழ் இலக்கணத்தில் 'ஒடு' என்னும் உருபு உயர்ந்தோரையே சார்ந்து வரும் என்பது தொல்காப்பியர் கண்ட நெறி. மாணாக்கன் ஆசிரியனொடு வந்தான் என்றால் ஆசிரியனே உயர்ந்தவன். எனவே, பிங்கரொடு கேன் படைத்தார் என்று அவ் வரியைத் தமிழில் எழுதினால், பிங்கரே உயர்ந்து நிற்பார்! ஆங்கிலம் தாழ்த்த எண்ணிய இடத்தில் தமிழ் அவரை ஏற்றி வைக்கும்.

மெய்யான புகழ்வணக்கம் எது?

2017 திசம்பர் 8-ஆம் நாள், பிராங்சுப் பகுதியில் கிழக்கு 192-ஆம் தெருவின் மூலைக்குப் 'பில் பிங்கர் வழி' என்று பெயர்ப்பலகை நாட்டப்பட்டது. அருகில் இருப்பது எட்கர் ஆலன் போ வாழ்ந்த குடிலைக் காத்து வைத்திருக்கும் பூங்கா. அங்கே அமர்ந்துதான் கேனும் பிங்கரும் இளமையில் கதை பேசினர். அவ்விருவரும் பேசிய பேச்சில் ஒருவர் குரல் மட்டும் அழிக்கப்பட்டிருந்தது. அதே இடத்தில் அந்தக் குரலுக்குரிய பெயர் இன்று தெருவின் தலைமேல் நிற்கின்றது. கல்லறை இல்லாதவர்க்கு ஒரு தெருவே கல்லாயிற்று!

ஆயினும், இவ் வரலாற்றைக் கேட்டு உள்ளம் குளிர்ந்து போய்விடுவது தவறு. ஒருவர்க்கு நேர்மை கிடைக்க 76 ஆண்டும், அவர் இறப்பும், அவர் மகன் இறப்பும், ஊதியம் கருதாத சுவைஞர்கள் பலரின் உழைப்பும் தேவைப்பட்டன என்றால், அத்தகைய உழைப்பாளர் வாய்க்காத எழுத்தாளர்கள் எத்தனை பேர் மணலோடு மணலாய்ப் போயிருப்பர்?

எழுத்தாளன் இறந்த செய்தி கேட்டு மலர் வைப்பதும், மெழுகுத்திரி ஏற்றுவதும், என் இளமையை அழகாக்கியவர் என்று உருகுவதும் கெட்டவை அல்ல. ஆனால், அவை எளியவை. அவன் உயிரோடிருக்கையில் அவன் பெயரைக் கேட்டறிந்தோமா என்பதே ஒவ்வொரு சுவைஞனும் தன் நெஞ்சைக் கேட்க வேண்டிய கேள்வி. பெயரறியாக் குழந்தையின் அன்பு குற்றமற்றது. பெயரறிந்தும் வாய்மூடி இருக்கும் வளர்ந்தவனின் அன்போ, களவுக்குக் காவல் நிற்கும் அன்பு. செய்ந்நன்றி அறிதலுக்கென்று தனி அதிகாரமே வகுத்த வள்ளுவர் வழியில் வந்தோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பிள்ளைகளின் கையில் ஒரு கதையைக் கொடுக்கும் ஒவ்வொருவரும், அதனை எழுதியவர் பெயரையும் சேர்த்துக் கொடுக்கட்டும்! திரையில் ஓவியம் ஓடுமுன் ஓடும் பெயர்களைத் தள்ளிவிடாமல், இவரே உனக்கு இக் கதையைச் சொன்னவர் என்று சுட்டிக் காட்டட்டும்! சுட்டிக் காட்டுவதற்கும் ஒரு விரல்தான் வேண்டும்.

விரல் எழுதிற்று, கை மறைத்தது, உலகம் கைதட்டிற்று. மறைத்த கையை விலக்கி எழுதிய விரலைக் காட்டியவர்கள் பதவியாளரும் அல்லர், பணக்காரரும் அல்லர். நன்றி மறவாத சுவைஞர்கள். எழுதியவன் பெயரை எழுத்தோடு சேர்த்து வாழவைப்பதே புகழ்வணக்கம். மற்றவையெல்லாம் வெறும் மலர்ச்செலவு!